இரண்டாவது ஆரஞ்சு கோட்டு

என் பெயர், காலஞ்சென்ற என் கணவர் பெயர், வீட்டு விலாசம் மூன்றும் திங்கட்கிழமை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது எழுபது என்று அதில் இருக்கிறது, எழுபத்தொன்று என்று திருத்திக்கொள்ளவும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு நான் சொல்லச் சொல்லக் காவலர் தம்பி எழுதினார். இன்று புதன்கிழமை காலை நானே என் கையால் எழுதுகிறேன். அன்றைக்குச் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது வாய் குழறிவிடும் என்று பயந்து தாள் கேட்டு வாங்கினேன்.

எனக்கு ஒரே மகன், பேரப்பிள்ளைகள் நான்கு பேர். இதெல்லாம் எதற்கு என்று அன்றைக்கு இன்ஸ்பெக்டர் அய்யா கேட்டார், தம்பியும் எழுதாமல் விட்டுவிட்டார். தேடப் போகிறவர்களுக்கு யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் கால் ஓடும் என்பதால் எழுதுகிறேன். பெரிய பேரன் கப்பலில் என்ஜினியர், தோளில் மூன்று பட்டை. அடுத்த பேத்தி கண் டாக்டர், எழுதிய பரீட்சை எதையும் இரண்டாம் தடவை எழுதாதவள். என் இடது கண்ணை அறுத்து லென்ஸ் வைத்தது அவள் கைதான், இந்த வரி கோணாமல் போவது அவள் புண்ணியம். மூன்றாவது பேரன் கணக்கில் தங்க மெடல் வாங்கிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறான், அவன் சொல்வது அவன் பெண்டாட்டிக்கே புரியாது. நான்காவது சின்னவள், இருபத்தாறு வயது, நில அளவை அலுவலகத்தில் வேலை. அவளுக்குக் கோப்பையும் இல்லை, மெடலும் இல்லை. மண்பாதையிலும் மலைப்பாதையிலும் பைக் ஓட்டுகிற கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டமாக அழைத்துப்போவது அவள் பொறுப்பு. நான்கு வருஷத்தில் எண்பத்தாறு பயணம் அழைத்துப் போயிருக்கிறாள், ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. காணாமல் போனது அவள்.

பயணத்துக்கு நானும் போவேன். மகன் வேன் ஓட்டுவான், அதில் தண்ணீர், சாப்பாடு, மருந்துப்பெட்டி, நான். புறப்படும் இடத்தில் வேனை நிறுத்தி, வருகிறவர்கள் பெயரைப் பட்டியலில் எழுதுவதும், திரும்பி வந்ததும் பெயருக்கு நேரே கோடு போடுவதும் என் வேலை. ஹெல்மெட் மாட்டினால் எல்லாரும் ஒன்றுபோல இருப்பதால் நான் பூட்ஸைப் பார்த்து ஆளைச் சொல்வேன். இந்தக் கிழவி கணக்குத் தப்பாது என்று கிளப்பில் எல்லாரும் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதையும் மறைக்கவில்லை.

அவர்கள் போகிற முறையை எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்று விளங்காது. சின்னவள் முதல் வண்டி. பாதை பிரிகிற முனை வந்தால், அவளுக்கு அடுத்து வருகிறவர் அங்கே நின்று, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். எல்லாருக்கும் பின்னால் வருகிற கடைசி வண்டிக்காரர் மட்டும் கையில்லாத ஆரஞ்சு கோட்டு போட்டிருப்பார். ஆரஞ்சு வந்துவிட்டால் அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். அதைக் கண்ட பிறகுதான் முனையில் நிற்பவர் இடத்தை விட்டு நகரலாம், அதற்கு முன் இடியே விழுந்தாலும் நகரக் கூடாது. ஒரு தடவை ஒரு வக்கீல் மழையில் ஒன்றரை மணி நேரம் ஒரு முனையில் நின்றார். சின்னவள் அடுத்த வாரம் எல்லாரையும் அவருக்குக் கைதட்ட வைத்தாள். அதனால் ஒரு பயணத்துக்கு ஒரே ஆரஞ்சு கோட்டுதான்.

சனிக்கிழமை மதியம் அந்தக் கோட்டை என்னிடம் கொண்டுவந்தாள். கிளையில் மாட்டி விலாப்பக்கம் கிழிந்திருந்தது. நான் மிஷினில் உட்கார்ந்து அதே நிறத் துணியில் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "பழசக் கிழிச்சுப் போட்டுடு பாட்டி. ரெண்டு இருக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். அவள் போன பிறகு கையில் எடுத்துப் பார்த்தேன். துணி நன்றாக இருந்தது, உள்பக்கம் நானே வைத்துத் தைத்த பருத்தித் துணியும் நைந்திருக்கவில்லை. நல்ல துணியில் கத்திரி வைக்க எனக்குக் கை வராது. நாலு தையல் போட்டு, வேன் சீட்டில் முதுகுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மடித்து எடுத்துவைத்தேன்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு, மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்கில் வேனை நிறுத்தினோம். பட்டியலில் சின்னவளோடு பதினொரு பேர். கடைசி வண்டி மெக்கானிக். கிளப் வண்டிகளை எல்லாம் பழுது பார்க்கிற அவர்தான் எப்போதும் கடைசி வண்டி, யார் வண்டி நின்றாலும் கிளப்பிவிட்டுப் பின்னால் வருவார். புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு, "பாட்டி, தையல் பிரமாதம், இதுல எனக்குக் கல்யாணமே பண்ணி வைக்கலாம்" என்றார். "மூணாவதா?" என்று என் மகன் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு சின்னவள் முனை நிற்கிற விதியை எல்லாருக்கும் சொல்லி முடித்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வந்தார். தடித்த கண்ணாடி போட்டவர், நூலகத்தில் வேலை செய்கிறவர், நாங்கள் கண்ணாடிக்காரர் என்கிறோம். "லேட்டா வந்தவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன் சார். முனையில ஆள் நிப்பாங்க, அவங்க காட்டுற பக்கம் திரும்புங்க. அது போதும்" என்று சின்னவள் சொன்னதை நானே கேட்டேன். ஆரஞ்சைப் பற்றி அவரிடம் அவள் சொல்லவில்லை. ஒரே ஒரு கோட்டு என்றால் அது போதும்தான். தாமதத்துக்கு ஈடாக ஒரு படம் எடுக்கிறேன் என்று அவர் என்னையும் சின்னவளையும் வேனுக்கு முன்னால் நிற்க வைத்துப் போனில் படம் எடுத்தார்.

அதன் பிறகு சின்னவள் முன்னால் போய் வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடிக்காரர் மெல்லிய சட்டையில் வந்திருந்தார், பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நான் வேன் கதவில் தொங்கிய பழைய கோட்டை எடுத்து, "நெஞ்சுல காத்து அடிக்காம இருக்கும், வச்சுக்கப்பா" என்று கொடுத்தேன். "குளிருச்சுன்னா போட்டுக்கிறேம்மா" என்று பையில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் அப்போது வேறு ஒருவர் வண்டியில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டிருந்தான். நான் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. நான் கொடுத்தது எனக்கே தப்பாகத் தெரியவில்லை. பெயருக்கு நேரே புள்ளி வைத்தேன், ஏழேகாலுக்கு எல்லாரும் ஏரிக்கரைக்குக் கிளம்பிப் போனார்கள்.

பத்து நாற்பதுக்கு மெக்கானிக் மட்டும் தார் ரோட்டு வழியாகத் தனியே வந்தார். இரண்டாவது முனை தாண்டிச் சங்கிலி கழன்றதாகவும், அதை மாட்டிக்கொண்டு மூன்றாவது முனைக்கு வந்தபோது அங்கே யாரும் நிற்கவில்லை என்றும், யாரும் நிற்காவிட்டால் நேராகப் போவதுதான் வழக்கம் என்பதால் நேராகப் போய்ப் பழைய கல்குவாரி ஓரமாகச் சுற்றித் தார் ரோட்டில் ஏறியதாகவும் சொன்னார். தண்ணீர் நிற்கிற குவாரிப் பள்ளத்தின் விளிம்பு ஒரு இடத்தில் சரிந்திருக்கிறது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் தாண்டினேன் என்றார். சின்னவளுக்குப் போன் போட்டோம், அந்தப் பக்கம் டவர் கிடைக்காது. நான் பட்டியலில் அவர் பெயருக்குக் கோடு போட்டேன்.

ஒரு மணிக்கு மற்ற ஒன்பது பேரும் ஏரிக்கரையிலிருந்து வந்தார்கள், சின்னவள் வரவில்லை. ஏரிக்கரையில் எண்ணியபோது மெக்கானிக்கைக் காணவில்லை, அவரைத் தேடிக்கொண்டு அவள் தனியாகத் திரும்பிப் போனாள், தான் வரும்வரை யாரும் நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள், மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு வந்தோம் என்றார்கள். அவர்கள் சொல்லும்போது மெக்கானிக் அவர்களுக்கு நடுவில் டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது முனையில் நின்றவர் பள்ளிக்கூட வாத்தியார். ஆரஞ்சு கோட்டு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன் என்று அவர் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லாதவர் என்று ஊருக்கே தெரியும். மெக்கானிக் குடிப்பவர் என்பதும் ஊருக்குத் தெரியும். "நீ வாத்தியாரத் தாண்டிப் போயிட்டு எங்கேயோ படுத்துக் கெடந்துட்டு வந்திருக்கே" என்று என் மகன் அவரை அறைந்தான். மெக்கானிக் திருப்பி அடிக்கவில்லை. என்னைப் பார்த்து, "பாட்டி, நீங்களாவது நம்புங்க. அங்க யாருமே நிக்கல" என்றார். நான் பட்டியலை மடித்து வேனுக்குள் வைத்தேன்.

அதன் பிறகு போலீஸ் வந்தது. மெக்கானிக் மூன்றாவது முனையைத் தாண்டி ஏரிப் பக்கம்தான் போனார் என்று வாத்தியார் சொன்னதை வைத்து, சின்னவளும் அவரைத் தேடி அந்தப் பக்கம்தான் போயிருப்பாள் என்று ஏரியிலும் ஏரியைச் சுற்றியும் இன்றுவரை தேடுகிறீர்கள். ஏரியில் படகு போட்டிருக்கிறீர்கள், மெக்கானிக்கை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். குவாரிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. குவாரி என்று சொன்னது மெக்கானிக் ஒருவர்தான், அவர் பொய்யர் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டோம்.

நேற்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மருமகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், ஞாயிறு முதல் அப்படியேதான் இருக்கிறாள். மகன் ஏரிக்கரையில் இருந்தான். அவர் காகிதப் பை ஒன்றை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். துவைத்து இஸ்திரி போட்டு மடித்த பழைய ஆரஞ்சு கோட்டு. "இந்த நேரத்துல இதுக்கு வந்தேன்னு நினைக்காதீங்கம்மா. ரெண்டாவது முனை தாண்டினதும் மரத்தடியில ரொம்பக் குளிர், நின்னு இதப் போட்டுக்கிட்டேன், அதுக்குள்ள அந்த முனையில நின்னவர்கூட என்னைத் தாண்டிப் போயிட்டார். இது இல்லன்னா செத்திருப்பேன். ஓடை வந்ததும் வெயில், கழட்டிப் பையில வச்சுட்டேன். ஏரிக்கு நான்தான் கடைசியா போய்ச் சேர்ந்தேன்" என்றார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டாவது முனைக்கும் ஓடைக்கும் நடுவில்தான் மூன்றாவது முனை. வாத்தியார் பார்த்தது கண்ணாடிக்காரரை. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது, நிறம்தான் தெரியும். அவர் பின்னால் யாரும் இல்லை என்று நினைத்து வாத்தியார் நகர்ந்தார். அதற்குப் பிறகு வந்த மெக்கானிக் ஆளில்லாத முனையைப் பார்த்து நேராகப் போனார். இரண்டு பேருமே உண்மை சொல்கிறார்கள். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை நான் விரலில் எண்ணுவதுபோல எண்ணிப் பார்த்தேன்.

அப்போதே ஸ்டேஷனுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோட்டைத் தையல் மிஷின் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மகன் வந்து சாப்பிடாமல் திரும்பிப் போனான், சொல்லவில்லை. மெக்கானிக்கின் பெண்டாட்டி வாசலில் வந்து நின்று, அவரை விடச் சொல்லுங்கள் என்று கேட்டாள், அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன், சொல்லவில்லை. ஏரிப் பக்கமே சின்னவள் கிடைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். பேத்தி உயிரோடு வர வேண்டும் என்று ஒரு மனமும், அதோடு என் பெயரும் கெடக் கூடாது என்று ஒரு மனமும் எனக்கு இருந்தன. பிறகு நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மெக்கானிக் வண்டிக்குப் போன மாதம் புது டயர் மாட்டினார்கள், கட்டம் கட்டமாகத் தடம் விழும். சின்னவள் அதைக் காட்டி, "இந்தத் தடத்தை வச்சே இவரை எங்கேன்னாலும் கண்டுபிடிச்சுடுவேன் பாட்டி" என்று சொல்லியிருக்கிறாள். ஏரிக்கரையிலிருந்து திரும்பியபோது அவள் எதையோ தவறவிட்டவள் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனாள் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார், உங்கள் தாளிலேயே இருக்கும். அவள் எதையும் தவறவிடவில்லை. கட்டத் தடத்தைத் தேடிப் போயிருக்கிறாள். ஏரிப் பாதையில் அந்தத் தடம் இருக்காது. மூன்றாவது முனைக்கு வந்ததும் அது நேராகக் குவாரிக்குப் போவதைப் பார்த்திருப்பாள். விளிம்பு சரிந்தது அவளுக்குத் தெரியாது. அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வேகமாகத்தான் போயிருப்பாள். செவ்வாய் காலையில் நான் வாயைத் திறந்திருந்தால் அவள் வண்டித் தடமும் அந்த மண்ணில் இருந்திருக்கும். மழை எல்லாவற்றையும் அழித்தபோது நான் கோட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

ஆகவே நான் சொல்வது இது. வாத்தியாரும் மெக்கானிக்கும் பொய் சொல்லவில்லை. தப்பு என் கையில் நடந்தது. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், ஆனால் அதை இன்றைக்குச் செய்ய வேண்டாம், அதற்கு நேரமில்லை. படகை ஏரியிலிருந்து எடுத்துக் குவாரிக்குக் கொண்டுபோங்கள். நான் எழுதும் இடத்திலிருந்து பார்த்தால் மெக்கானிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது, காலில் செருப்பு இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், ஜீப்பில் ஏற்றி முன் சீட்டில் உட்கார வையுங்கள். அந்தப் பாதையில் அன்றைக்குப் போய் வந்தவர் அவர் ஒருவர்தான், விளிம்பு எங்கே சரிந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். தண்ணீரில் மட்டும் பார்க்க வேண்டாம், மேலேயும் பாருங்கள், கூப்பிட்டுப் பாருங்கள். அடிபட்டால் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும், தேடுகிறவர் வரும்வரை நகரக் கூடாது என்று கிளப்பில் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அவள் நகர்ந்திருக்க மாட்டாள். இன்றோடு மூன்று நாள் ஆகிறது, எங்கேயாவது ஒரு இடத்தில் காத்துக்கொண்டிருப்பாள். கிளப்பில் யாரையாவது ஆரஞ்சு கோட்டைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். தூரத்தில் அதைப் பார்த்தால் கை தூக்குவாள்.

பழைய கோட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் இரண்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். பட்டியலில் பத்துப் பெயருக்குக் கோடு இருக்கிறது, பதினோராவதற்கு இல்லை. இதில் எழுதியது அத்தனையும் நான் கண்டது, கேட்டது, செய்தது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, யாருக்கும் பயந்து எழுதவில்லை, பயந்ததெல்லாம் நேற்றோடு முடிந்தது. ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)

கையெழுத்துக்குக் கீழே இன்னொன்றும் எழுதுகிறேன், இதையும் சேர்த்துக்கொள்ளவும். நீங்கள் பஸ் ஸ்டாண்டிலும் கடைகளிலும் ஒட்டியிருக்கும் படம் நான் கொடுத்தது. அது ஐந்து வருஷத்துக்கு முந்தையது, இரட்டைப் பின்னலும் கொழுத்த கன்னமுமாக இருப்பாள். இப்போது முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறாள், தாடையில் கல் கிழித்த தழும்பு இருக்கிறது. முடியை வெட்டியது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் வீட்டுச் சுவரிலும் பழைய படத்தையே மாட்டினேன், உங்களுக்கும் அதையே எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படத்தை வைத்துக் குவாரிப் பக்கத்துத் தார் ரோட்டில் போகிற லாரிக்காரர் யாரும் அவளை அடையாளம் சொல்ல முடியாது. கண்ணாடிக்காரர் போனில் ஞாயிறு காலை எடுத்த படம் இருக்கிறது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் மெக்கானிக் புதுக் கோட்டோடு நிற்கிறார், வேன் கதவில் பழைய கோட்டு தொங்குகிறது. வழக்குக்கு அதை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு என்னை வெட்டி எடுத்துவிட்டு, அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கி, பழையது இருக்கும் இடத்தில் எல்லாம் அதை ஒட்டுங்கள். என் தோளில் இருக்கும் அவள் கை வெட்டுப்பட்டால் பரவாயில்லை. இன்றைக்கே ஒட்டுங்கள் அய்யா.